கருவாட்டுக் காகிதம்

ஜாசினிலிருந்து ஏழு கல் தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், 1932-ஆம் வருஷம் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியே போனவர் பள்ளிக்கூட வாத்தியார்தான். பால் வெட்டுகிறவனை நிறுத்தினால் பால் நிற்கும், வாத்தியாரை நிறுத்தினால் என்ன நின்றுவிடப் போகிறது என்று துரை யோசித்திருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடமே இல்லாவிட்டால் மேலிடத்திலிருந்து வருகிற அதிகாரி கேள்வி கேட்பார். அப்போதுதான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பிச்சைமுத்துவின் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்கிற சங்கதி துரையின் நினைவுக்கு வந்தது. பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மங்களத்துக்கு அப்போது வயது இருபத்தாறு. ஒரு திங்கட்கிழமை காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகைக்குள் போய் நின்றாள். இருபத்திரண்டு பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் வாயைத் திறந்தார்கள். காய்ச்சல் காலத்தில் புருஷனுக்கு உதவியாகக் கொயினா மருந்தைக் கரண்டியில் எடுத்து ஊற்றுகிறவள் அவள்தான். அந்தப் பழக்கம். "வாய மூடுங்க. இன்னிக்கு மருந்து இல்ல, எழுத்து" என்று சொல்லித்தான் அவள் பாடத்தைத் தொடங்கினாள்.

அவள் மலாக்கா டவுனில், தெங்கேராவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு மளிகைக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர்; மகளுக்குத் தமிழ் எழுத்தை அவர்தான் கடைச் சிட்டைகளை வைத்துக் கற்றுக்கொடுத்தார். சின்ன வயதிலிருந்தே அவளிடம் ஒரு குணம். யார் எதைச் சொன்னாலும், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிடுவாள். வம்புக்குக் கேட்பதில்லை. உண்மையிலேயே அவளுக்கு அது தெரிய வேண்டும். கல்யாணமான புதிதில் மாமியாரிடமும் அப்படிக் கேட்டு ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய வாசகப் புத்தகங்கள் அந்த வருஷம் வரவில்லை. செலவுக் குறைப்பு. பலகையில் எழுதிப் போட்டுப் படிக்க வைத்துச் சலித்துப்போன மங்களம் ஒரு வழி கண்டுபிடித்தாள். தோட்டத்துக் கடைக்காரர் சாமிக்கண்ணு உப்பு, புளி, கருவாடு எல்லாவற்றையும் பழைய தமிழ்ப் பத்திரிகையில்தான் மடித்துக் கொடுப்பார். வீட்டுக்கு வருகிற பொட்டலக் காகிதத்தைத் துடைத்து எடுத்து வரும்படி பிள்ளைகளிடம் சொன்னாள். மறுநாளே கொட்டகைக்குள் கருவாட்டு வாடை தூக்கியது. ஆனால் வாசிப்பு பிடித்துக்கொண்டது. எண்ணெய் விளம்பரம், கோயில் அறிவிப்பு, காணாமல் போன மாட்டுக்கு வெகுமதி என்று பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். எல்லோரையும்விட நன்றாக வாசித்தவள் ராஜம்மா என்ற பத்து வயதுப் பெண். புல் வெட்டுகிற வேலாயியின் மூத்த மகள். ஒரு எழுத்துப் பிசகாமல், மணி அடித்த மாதிரி வாசிப்பாள். அவளை மங்களம் நான்கு பேர் முன்னால் மெச்சவும் செய்தாள்.

அப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்குச் சாப்பிட வந்த பிச்சைமுத்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"ஏன் மங்களம், வாந்திபேதி வந்திருக்காமே. எனக்கே தெரியாம?"

காலையிலிருந்து பதினெட்டுப் பெண்கள் வந்து அவரிடம் வாந்திபேதிக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் வயிற்றுவலிகூட இல்லை. நோய் இங்கே இல்லையாம், நாகப்பட்டினத்தில் இருக்கிறதாம். கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டார்களாம். முந்நூறு பிணத்தைக் கடலில் தள்ளினார்களாம். அந்தக் கதையை ஆளுக்கு ஒருவிதமாகச் சொன்னார்களே தவிர, முந்நூறு மட்டும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் இருந்தது. வேலையில்லாதவர்களை இலவசமாக ஊருக்குக் கப்பலேற்றி அனுப்புகிற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து சனிக்கிழமை காலை ஒரு லாரி தம்பின் ரயிலடிக்குப் போகும்; பேர் கொடுத்தவர்கள் அதில் ஏற வேண்டும். அடுத்த லாரி எப்போது, உண்டா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. வேலாயியின் புருஷன் நாகமுத்து நான்கு மாதத்துக்கு முன்பே போய்விட்டான். சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று வேலாயி அப்போது பின்தங்கிவிட்டாள். இந்த லாரிக்குத் தன் பேரையும் இரண்டு பெண்களின் பேரையும் கொடுத்திருந்தவள், புதன்கிழமை மாலை ஆபீசுக்குப் போய், லிஸ்ட் எழுதும் கிராணியிடம் அந்தப் பேர்களை அடிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"பிள்ளைங்கள கொண்டுபோய்க் கடல்ல போடவான்னு கேட்டாளாம்" என்றார் பிச்சைமுத்து. "கிராணி சொன்னாரு."

"அவருக்கு யார் சொன்னா?"

"வேலாயியே வந்து சொன்னாளே, அதுல என்ன?"

"அது இல்லீங்க. வேலாயிக்கு யார் சொன்னா?"

பிச்சைமுத்து கை கழுவப் போனார்.

மத்தியானம் பள்ளிக்கூடம் கூடியதும் மங்களம் பாடம் எதையும் எடுக்கவில்லை. வாந்திபேதியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றாள். இருபத்திரண்டு கையும் மேலே போயின. பார்த்தவர்கள் யார் என்றாள். ஒரு கைகூட மிஞ்சவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு பிள்ளையாக, உனக்கு யார் சொன்னது என்று கேட்டுப் பலகையில் எழுதிக்கொண்டு வந்தாள். பதில் சொல்ல முடியாத இடத்தில், வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினாள். யார் சொன்னது, அவர் எத்தனை பேர் செத்ததாகச் சொன்னார் என்ற இரண்டு கேள்விதான். வேறு எதுவும் பேசக் கூடாது.

பிள்ளைகளுக்கு அது கண்ணாமூச்சியைவிடப் பெரிய விளையாட்டாக இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகள் நெடுக, லயம் லயமாக ஓடினார்கள். தம்புசாமி என்ற பையன் மட்டும் தலையைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தான்.

"எங்கம்மா அகப்பையால போட்டுட்டாங்க வாத்தியாரம்மா. பெரியவங்க பேச்சுக்குச் சாட்சி கேக்குறியா, நீ என்ன போலீசாடான்னு."

"சரி, யார் சொன்னதாம்?"

"அத அடிச்சப்புறம் சொன்னாங்க. பெத்தம்மாள் சின்னம்மாவாம். இருநூறு பேராம்."

பெத்தம்மாளுக்குச் சொன்னது அப்புசாமி கங்காணியின் சம்சாரம். அவள் கணக்கில் நூற்றைம்பது. அவளுக்குச் சொன்னவள் குழாயடியில் கேட்டவள், அவளுக்கு நூறு. அதற்கும் முன்னால் ஒருத்தி, "நிறையப் பேரு" என்று மட்டும் கேட்டிருந்தாள். பலகையில் மங்களம் எழுத எழுத, பின்னால் போகப் போகச் செத்தவர்கள் பிழைத்து எழுந்துகொண்டே வந்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். மங்களத்துக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் எல்லாக் கோடும் ஐந்தாம் லயத்துக்குப் போய், ஒரே வீட்டு வாசலில் நின்றன. வேலாயியின் வீடு.

"ராஜம்மா, உங்க அம்மாவுக்கு யாரு சொன்னா?"

ராஜம்மா எழுந்து நின்றாள். "நான்தான். செவ்வாக்கிழம கருவாடு வாங்கின காகிதத்துல இருந்துச்சு. படிச்சுக் காட்டினேன்." பிறகு, வாத்தியாரம்மாவின் முகத்தில் என்ன கண்டாளோ, "நீங்கதான படிக்கச் சொன்னீங்க" என்றாள்.

மங்களம் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். அதுவரை இது யாரோ கிளப்பிய புரளி என்றும், அதைப் பிடித்துவிடப் போகிறோம் என்றும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிடிபட்டது அவளுடைய பள்ளிக்கூடம்.

அன்று சாயங்காலம் அவள் ஐந்தாம் லயத்துக்குப் போனாள். வேலாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மங்களம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எழுந்து போய் தகரப் பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தாள். புருஷன் விட்டுப் போன சட்டைக்கு அடியில் அதை மடித்து வைத்திருந்தாள். அச்சில் வந்தது அல்லவா.

அது ஒரு முழுத்தாளில் கால்வாசி. சாமிக்கண்ணு கருவாட்டு அளவுக்குக் கிழித்திருந்தார். எண்ணெய் ஊறிப் பழுப்பேறிக் கிடந்ததால், காகிதம் பழசா புதுசா என்று நிறத்தைக் கொண்டு சொல்ல வழியில்லை. தேதி இருக்க வேண்டிய மேல் ஓரம் இல்லை. நடுவில், நாகைத் துறைமுகத்தில் வாந்திபேதியால் சிலர் மாண்டதாகவும், பிரயாணிகளைக் கரையில் இறக்காமல் வைத்திருப்பதாகவும் ஆறு வரி இருந்தது. 'சிலர்' என்றுதான் போட்டிருந்தது. ராஜம்மாவும் 'சிலர்' என்றுதான் வாசித்திருந்தாள்.

"வேலாயிக்கா, இது எந்த வருஷத்துக் காகிதமோ" என்றாள் மங்களம்.

"வருஷமா?" வேலாயிக்கு அந்தக் கேள்வியே புதுசாக இருந்தது. "செவ்வாக்கிழம வாங்குனது."

மங்களத்துக்கு அப்போதுதான் தான் செய்த பிழை முழுசாகத் தெரிந்தது. கடிதம் என்றால் வந்த அன்று படிப்பார்கள். வந்த அன்று அது புது விஷயம். இவர்களுக்குத் தெரிந்த காகிதம் கடிதம் ஒன்றுதான். கருவாடு வந்த அன்று காகிதமும் வந்தது; அதனால் அதுவும் அன்றையச் செய்தி. எழுத்தை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அது எப்போது எழுதினது, யார் எழுதினது என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

காகிதத்தைத் திருப்பி, வேறு ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தாள். கூந்தல் தைலம். கடிகார ரிப்பேர். ஒரு கல்யாண வாழ்த்து. கீழ் மூலையில் சரக்கு விலைகள். "கொப்பரை பிக்கல்... ரப்பர் ராத்தல் ஒரு வெள்ளி அறுபது காசு... மிளகு..."

முறம் நின்றது.

"இருங்க வாத்தியாரம்மா. ரப்பர் எவ்வளவு?"

"ஒரு வெள்ளி அறுபது காசு."

வேலாயி வாய்விட்டுச் சிரித்தாள். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். "இப்ப ஏழு காசுக்கு வாங்க நாதியில்ல. அது என் சின்னவ வயித்துல இருந்த வருஷம். ஞாயித்துக்கிழமயும் பால் வெட்டச் சொன்னாங்க. அந்தத் தீவாளிக்கு லயத்துக்கு ஒரு கிடா குடுத்தாரு துரை, கொம்பு இத்தாம் பெருசு." கையை விரித்துக் காட்டினாள். "சின்னவளுக்கு ஏழு வயசு முடியப் போவுது."

எழுத்துத் தெரிந்த மங்களம் அந்த விலையைத் தாண்டிப் போய் மிளகைப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தெரியாத வேலாயி அதைப் பிடித்துவிட்டாள். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் மங்களத்துக்கு அதைவிட ஆவல்தான் மேலிட்டது. இன்னும் என்னென்ன இந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சாமிக்கண்ணு கடையிலும் கேட்டாள். தெங்கேராவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கட்டுக்கட்டாக எடைக்கு வாங்கியதாம். "எல்லாம் பழசுலா. புதுசுல எவன் கருவாடு கட்டுவான்?" என்றார். அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் அவரும் சொன்னதில்லை.

ஆனால் வேலாயி பேரைத் திரும்ப எழுதச் சொல்ல உடனே புறப்படவில்லை. மங்களத்தை வாசலில் நிறுத்தி ஒன்று கேட்டிருந்தாள்.

"அப்ப, இப்ப அங்க வாந்திபேதி இல்லதானே?"

இல்லை என்று சொல்ல மங்களத்தின் நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் இவள் ஏறிப் போய்விடுவாள். செய்த தவறு சரியாகிவிடும். ஆனால் ஏழு வருஷத்துக்கு முந்தின காகிதம் இன்றைக்கு நோய் உண்டு என்று சொல்லாதது போலவே, இல்லை என்றும் சொல்லவில்லையே.

"தெரியாது அக்கா. நாளைக்கு விசாரிச்சுச் சொல்றேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிச்சைமுத்து மருந்து வாங்க சைக்கிளில் ஜாசின் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. துறைமுகங்களில் என்ன நோய் நடமாடுகிறது என்று அங்கே அறிக்கை வரும் என்பது மங்களத்துக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினாள். மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். நாகப்பட்டினத்தில் ஒன்றும் இல்லையாம்.

"யாரு சொன்னா? நீங்களே பார்த்தீங்களா?"

"கிளார்க் சொன்னான். நான் விடல. தாளை எடுத்துக் காட்டுன்னு சொல்லிப் பார்த்துட்டுத்தான் வந்தேன். இல்லாட்டி வீட்டுக்குள்ள விடுவியா நீ?"

"எந்தத் தேதித் தாள்?"

பிச்சைமுத்து தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "பத்து நாளைக்கு முந்தினது. அதையும் பார்த்துட்டேன் தாயே."

ஆபீஸ் மூடுவதற்குள் மங்களமும் வேலாயியும் போய்ச் சேர்ந்தார்கள். தங்கராஜு கிராணி லிஸ்ட்டை நகலெடுத்து முடித்து, பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேலாயியை மேலும் கீழும் பார்த்தார்.

"புதன்கிழம வந்து அடின்னே. இன்னிக்கு வந்து எழுதுங்கிறே. நாளைக்கு லாரி வந்தப்புறம் ஜாதகம் பார்ப்பியா? துரை கையெழுத்துப் போட்டாச்சு, போ."

"தப்பு அவங்க மேல இல்லீங்க" என்றாள் மங்களம். "என் பள்ளிக்கூடத்துல பழைய காகிதத்த வச்சுப் படிக்கச் சொன்னேன். எப்பத்திக் காகிதம்னு பார்க்கச் சொல்லிக்குடுக்கல. பிள்ள வீட்டுல போய்ப் படிச்சுது."

"அதையும் துரைகிட்ட நீயே சொல்லம்மா. பாதிச் சம்பளமும் மிச்சமாகும்."

சத்தம் கேட்டு துரையே உள்ளறையிலிருந்து வந்தார். கிராணி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மங்களத்துக்கு அதில் 'ஸ்கூல்' மட்டும் புரிந்தது. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். காகிதம் பழசு என்று யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மங்களம் வேலாயியைப் பார்த்தாள். வேலாயி மடியிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, அது எங்கே என்று தெரியாததால் ஏறக்குறைய ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"ரப்பர் வெல போட்டிருக்கு துரை. ஒரு வெள்ளி அறுவது காசு."

துரை கிராணியை வாசிக்கச் சொன்னார். தங்கராஜு வாசித்தார். மறுபடி ஒருதரம் வாசிக்கச் சொன்னார். "இருபத்தஞ்சு" என்றார் துரை, வருஷத்தைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக, வெட்டாமல் விட்ட மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல வருஷம்." பிறகு மூன்று பேரையும் எழுதிக்கொள்ளும்படி கிராணியிடம் சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கருவாட்டு நாற்றத்தோடு.

சனிக்கிழமை விடிந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிவதற்குள், குழாயடியில் புதுப் பேச்சு ஒன்று புறப்பட்டிருந்தது. காகிதத்தில் இருந்தது நிஜமாம். அதனால்தான் துரை அதைப் பிடுங்கி ஒளித்துவிட்டாராம். ஆட்களைத் தோட்டத்தை விட்டுத் துரத்தப் பார்க்கிறாராம். லிஸ்ட்டில் பேர் இருந்த பெத்தம்மாள் குடும்பமும் கடைசி நேரத்தில் போகவில்லை என்று நின்றுவிட்டது. மங்களம் அவளிடம் ரப்பர் விலையைச் சொல்லிப் பார்த்தாள், ஜாசின் அறிக்கையைச் சொல்லிப் பார்த்தாள். "அப்ப ஏன் காகிதத்த வாங்கி வச்சுக்கிட்டாரு?" என்றாள் பெத்தம்மாள். மங்களத்துக்கும் ஒரு காரணம் தோன்றியது. ஆனால் துரையின் மனசுக்குள் அவள் போய்ப் பார்த்ததில்லை.

லாரி ஆபீஸ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. வேலாயி மூட்டையோடு வந்துவிட்டாள். முகம் தூங்கின முகமாக இல்லை. குழாயடிப் பேச்சு அவளுக்கும் எட்டியிருந்தது.

"பிடுங்கினார்னு சொல்றாங்களே" என்றாள் மங்களத்திடம், மெதுவாக. "நான் அங்கதான நின்னேன். பிடுங்கல. மடிச்சு வச்சுக்கிட்டாரு."

"ஆமா. நானும் பார்த்தேன்."

"வாந்திபேதி?"

"பத்து நாளைக்கு முன்ன இல்ல. எங்க வீட்டுக்காரர் கண்ணால படிச்சுட்டு வந்தாரு. இன்னிக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது அக்கா."

வேலாயி பிச்சைமுத்துவைக் கூப்பிட்டு, வாந்திபேதி எதனால் வருகிறது, எப்படி வராமல் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். மூன்று நாளாக அவரிடம் மருந்து கேட்டு வந்தவர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அவர் சந்தோஷமாகச் சொன்னார். தண்ணீரில்தான் வருகிறது, கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது, கப்பலிலும் சரி, ரயிலடியிலும் சரி.

வேலாயி மூட்டையை அவிழ்த்தாள். ஊருக்குத் தூக்கிப் போக என்று கட்டியிருந்த அம்மிக் குழவியை எடுத்து பெத்தம்மாள் கையில் கொடுத்தாள். பதிலுக்கு அவள் வீட்டுத் தேத்தண்ணிக் கெட்டிலைக் கேட்டாள். பெத்தம்மாள் ஓடிப் போய் எடுத்து வந்தாள். அடி கறுத்த பெரிய கெட்டில்.

பிள்ளைகளை முதலில் ஏற்றினாள். ராஜம்மா ஓரப் பலகையைப் பிடித்துக் குனிந்து, லாரியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை வாசிக்கப் பார்த்தாள், அது ஆங்கிலம். வேலாயி கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்படித் தைரியமா கிளம்பிட்டியே" என்றாள் பெத்தம்மாள் கீழேயிருந்து.

"தைரியமும் இல்ல, மண்ணும் இல்ல. தண்ணியக் காய்ச்சிக் குடிக்கப் போறேன்" என்றாள் வேலாயி. லாரி நகர்ந்தது.